அளவுகோலின் நியாயம்: அமெரிக்கக் கால்பந்தில் பன்டர்களை மதிப்பிடும் முறைகள்

கேள்வி எழுந்த விதம்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகளே உண்டு. அவற்றுக்குள் பத்து கெஜம் முன்னேறினால் மேலும் நான்கு கிடைக்கும், முன்னேறாவிட்டால் நின்ற இடத்திலேயே பந்து எதிரணியின் வசமாகிவிடும். ஆகவே மூன்று முயற்சிகள் வீணான பின்பு, நான்காவதில் பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, அது தரையைத் தொடுமுன் உதைத்து, எதிரணி தன் ஆட்டத்தை இயன்ற அளவு தொலைவிலிருந்து தொடங்கும்படி செய்வது வழக்கம். இந்த உதைக்குப் பன்ட் என்றும், இதற்கென்றே அமர்த்தப்பட்ட ஆட்டக்காரருக்குப் பன்டர் என்றும் பெயர். தம் அணி முன்னேறத் தவறிய பின்னரே களத்துக்கு அழைக்கப்படுகிற, தாம் உதைத்த பந்தின் முடிவைப் பிறர் கையில் விட்டுவிட வேண்டியிருக்கிற, ஓர் ஆட்டத்தில் நாலைந்து தடவைக்கு மேல் உதைக்கும் சந்தர்ப்பம் அருமையாகவே வாய்க்கிற இவருடைய சாமர்த்தியத்தை எதைக் கொண்டு அளப்பது, அளந்தபின் அதற்கு எவ்வளவு கௌரவமும் ஊதியமும் வழங்குவது என்பது பல தலைமுறைகளாகத் தீராமல் வரும் பிரச்சினை.

இப்பிரச்சினையின் கூர்மை ரே கை என்னும் ஒருவருடைய வரலாற்றில் நன்கு புலப்படுகிறது. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி 1973-இல் முதற்சுற்றிலேயே, 23-ஆவது தேர்வாக, அவரைப் பன்டர் என்ற ஒரே தகுதிக்காக எடுத்துக்கொண்டது. 1986 வரை ஆடிய அவர் 1,049 முறை உதைத்தார். அவற்றில் தடுக்கப்பட்டவை மூன்றே. புரோ பவுல் என்னும் கௌரவ ஆட்டத்துக்கு ஏழு முறை தெரிவு செய்யப்பட்டார். இருந்தும், ஓஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரிலுள்ள புகழ் மண்டபம் அவரை 2014-இல்தான், பன்டராக மட்டுமே ஆடியவர்களுள் முதல்வராக ஏற்றுக்கொண்டது. கோலுக்கு உதைப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட யான் ஸ்டெனரூட் 1991-இலேயே அங்கே இடம்பெற்றுவிட்டார். கையின் வாழ்நாள் சராசரி 42.4 கெஜம், பின்னாளில் ஷேன் லெக்லர் 47.6 கெஜச் சராசரியுடன் ஓய்வு பெற்றார். இவ்விரு எண்களையும் வைத்துக்கொண்டு இருவருள் வல்லவர் யார் என்று கேட்டால், விடை நாம் கையாளும் அளவுகோலையே சார்ந்திருக்கும்.

இதுவரை தோன்றிய அளவுகோல்களைக் கூர்ந்து நோக்கினால், மூன்று வேறுபட்ட கேள்விகள் அவற்றில் ஒன்றாகக் கலந்து கிடப்பது தெரியவரும். இவர் எவ்வளவு வல்லவர் என்பது ஒன்று. இவருடைய உதைகள் அணிக்கு எவ்வளவு பயன் தந்தன என்பது மற்றொன்று. வரும் ஆண்டில் இவருக்கு எவ்வளவு கொடுப்பது தகும் என்பது மூன்றாவது. ஒன்றுக்கு உரிய விடையை இன்னொன்றுக்குப் பொருத்த முயன்றதே இத்துறையில் அநேக அநியாயங்களுக்கும் காரணமாயிற்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொத்தத் தூரம் என்னும் பழைய அளவு

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு பன்ட் கணக்கை 1939 முதல் பதிவுசெய்து வருகிறது. உதைத்த தூரத்தையெல்லாம் கூட்டி, உதைத்த எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் மொத்தச் சராசரியே அன்றைய அளவு. இதில் சிக்கலில்லை, யாரும் எளிதில் கணிக்கலாம் என்பதே அதன் நெடுங்கால ஆதிக்கத்துக்குக் காரணம் எனலாம். வாஷிங்டன் அணியின் சாமி பா 1940-இல் எட்டிய 51.4 கெஜச் சராசரி எண்பத்திரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்று, 2022-இல் டென்னசி டைட்டன்ஸ் அணியின் புதுமுகம் ரையன் ஸ்டோன்ஹவுஸ் 53.1 கெஜம் கண்டபோதுதான் வீழ்ந்தது.

ஆனால் இந்த அளவின் குறைகள் இச்சாதனைகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. சாமி பா பந்தை எறிபவராகவும் இருந்தமையால், எதிரணி எதிர்பாராத சமயத்தில், நான்காம் முயற்சிக்கு முன்பே திடீரென்று உதைத்துவிடுவார். பின்னால் பந்தைப் பிடிக்க எவரும் நிறுத்தப்படாத நிலையில் அது உருண்டு ஓடிய தூரமும் அவர் கணக்கில் சேர்ந்தது. 1969-இல் டென்வர் நகரில் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ஸ்டீவ் ஓநீல் உதைத்து, இன்றுவரை மிக நீண்டதாகப் போற்றப்படும் 98 கெஜ உதையும் அத்தகையதே: கடல் மட்டத்துக்கு 5,280 அடி மேலே, காற்றின் எதிர்ப்புக் குறைந்த ஊரில், பிடிப்பவர் தலைக்கு மேலே பறந்து விழுந்து உருண்ட பந்து அது. சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும் காலின் வலிமையையும் ஊரின் உயரத்தையும் புல்லின் போக்கையும் ஒரே எண்ணில் அடக்குவது அளவையாகாது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பன்ட் உதையில் பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிவிட்டால், டச்பேக் என்னும் விதிப்படி எதிரணி தன் கோல் கோட்டிலிருந்து இருபது கெஜம் முன்னே உள்ள 20-ஆம் கெஜக் கோட்டிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும். எதிரணியின் 45-ஆம் கோட்டிலிருந்து ஒருவர் கண்மூடித்தனமாக உதைத்து டச்பேக் ஆக்கினால், அவர் கணக்கில் 45 கெஜம் ஏறுகிறது. அதே இடத்திலிருந்து மற்றொருவர் அளந்து உதைத்துப் பந்தை 3-ஆம் கோட்டில் நிறுத்தினால், அவருக்கு 42 கெஜமே கிடைக்கிறது. தவறு செய்தவர் மேலேயும் வித்தை காட்டியவர் கீழேயும் நிற்கும் இந்த விபரீதத்தை மொத்தச் சராசரியால் தன்னளவில் திருத்திக்கொள்ள இயலாது.

நிகரத் தூரமும் இருபது கெஜக் கோடும்

இக்குறைகளை நிவர்த்திக்கவே 1976 முதல் இரண்டு புதிய கணக்குகள் அதிகாரபூர்வமாக இடம்பெற்றன. முதலாவது நிகரத் தூரம்: மொத்தத் தூரத்திலிருந்து எதிரணியினர் பந்தைப் பிடித்துத் திரும்பி ஓடிய கெஜங்களையும், ஒவ்வொரு டச்பேக்குக்கும் இருபது கெஜத்தையும் கழித்து வருவது. இரண்டாவது, எதிரணியை அதன் இருபதாம் கோட்டுக்குள் முடக்கிய உதைகளின் எண்ணிக்கை.

நிகரத் தூரம் உண்மைக்கு நெருங்கியது என்பதை வாக்களிப்போரும் மெல்ல ஏற்றுக்கொண்டனர் போலும். ஸ்டோன்ஹவுஸ் பழம்பெரும் சாதனையை முறியடித்த அதே 2022-இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வாக்கெடுத்து அறிவிக்கும், ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட முதல் அணியில் இடம்பெற்ற பன்டர் அவரல்லர். நிகரக் கணக்கில் சிறந்து நின்ற கான்சஸ் சிட்டி அணியின் டாமி டவுன்சென்ட். எனினும் நிகரத் தூரமும் ஒரு பழைய அநீதியைப் போக்கப் புகுந்து புதியதொன்றைக் கொண்டுவந்தது. பந்தைத் துரத்திச் சென்று எதிராளியை மடக்க வேண்டியவர்கள் அணியின் மற்றப் பதின்மர். அவர்கள் தவறினால் அந்தக் கெஜங்கள் பன்டரின் தலையில் விழுகின்றன. 2010 டிசம்பர் 19 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராக, ஆட்டத்தின் கடைசிக் கணத்தில், பிலடெல்பியாவின் டிசான் ஜாக்சன் பன்ட் ஒன்றைப் பிடித்து 65 கெஜம் ஓடி வெற்றிப் புள்ளி எடுத்தார். பந்தை எல்லைக்கு வெளியே உதைக்குமாறு ஜயன்ட்ஸ் பன்டருக்குச் சொல்லப்பட்டிருந்ததால் திசை பிசகியது அவர் பிழையே. ஆயினும் அதன்பின் ஓடிய 65 கெஜமும் அவர் ஒருவருடைய பிழைதானா என்பதற்கு நிகரக் கணக்கில் விடையில்லை. மேலும், பன்ட் திரும்பலில் 14 முறை கோல் கோட்டை எட்டிய டெவின் ஹெஸ்டர் போன்றவர் எதிரே நிற்கையில், சில கெஜங்களைத் தியாகம் செய்து பந்தை வெளியே தள்ளிவிடுவதே விவேகம். அவ்விவேகம் கணக்கில் குறையாகவே பதிவாகிறது.

விதிமாற்றங்களும் காலங்களுக்கிடையிலான ஒப்பீட்டைக் குலைக்கின்றன. பந்து உதைக்கப்படுமுன் இரு ஓரத்து வீரர்கள் மட்டுமே முன்னோக்கி ஓடலாம் என்னும் 1974-ஆம் ஆண்டு விதி, துரத்துவோரைத் தாமதப்படுத்தித் திரும்பி ஓடுபவருக்கு இடம் கொடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் ஆடியவர்களின் எண்களை ஒரே பட்டியலில் நிறுத்துவது எச்சரிக்கையின்றிச் செய்யத்தக்கதன்று.

இருபதாம் கோட்டுக் கணக்கோ, கோட்டின் இருபுறமும் நடப்பதைக் காணாதது. தன் 5-ஆம் கோட்டிலிருந்து 70 கெஜம் உதைத்து எதிரணியை அதன் 25-இல் நிறுத்தியவருக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. எதிரணியின் 40-இலிருந்து வெறும் 21 கெஜம் உதைத்து 19-இல் நிறுத்தியவருக்கு ஒரு மதிப்பு கிடைத்துவிடுகிறது. களிமண் நிலத்தை உழுதவனுக்கும் மணல் நிலத்தை உழுதவனுக்கும் மண்ணைப் பாராமல் ஏர்க்கூலி அளப்பது போன்றது இது.

இடத்துக்கேற்ற எதிர்பார்ப்பு

மண்ணைப் பார்த்துக் கூலி அளக்கும் முயற்சியின் மூலம் 1971-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உள்ளது. சின்சினாட்டி அணியில் பந்து எறிபவராக ஆடிக்கொண்டிருந்த வர்ஜில் கார்ட்டரும், ராபர்ட் மேக்கோல் என்னும் பேராசிரியரும், 1969-ஆம் ஆண்டுப் பருவத்தின் ஆட்டங்களைப் பகுத்து, களத்தின் ஒவ்வோர் இடத்திலும் பந்தை வைத்திருப்பதன் மதிப்பைப் புள்ளிகளில் கணித்தனர். அவர்கள் கணக்கில் ஓர் அணி தன் 5-ஆம் கோட்டருகே ஆட்டத்தைத் தொடங்குவது 1.245 புள்ளி நஷ்டத்துக்குச் சமம். 25-ஆம் கோட்டருகே தொடங்குவதோ 0.236 புள்ளி லாபம். ஆக அந்த இருபது கெஜம் ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி பெறும். பாப் கேரல், பீட் பாமர், ஜான் தார்ன் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட நூலும், பின்னர் பிரையன் பர்க் முதலியோரின் கணிதமும் இக்கருத்தை விரிவுபடுத்தின. அண்மைக் காலத்தில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஆட்டத் தரவுகளும் நிரல்களும் பரவியமையால் இக்கணிப்பு நிபுணர்களின் தனிச்சொத்தாக இல்லை.

இம்முறையைப் பன்டருக்குப் பிரயோகிக்கும் விதம் எளிது: அதே இடத்திலிருந்து உதைத்த சராசரிப் பன்டர் எதிரணியை எங்கே நிறுத்தியிருப்பார் என்று கணித்து, இவர் உண்மையில் நிறுத்திய இடத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கெஜத்திலோ புள்ளியிலோ சொல்வது. டச்பேக் விபரீதமும் இருபதாம் கோட்டின் குருட்டுத்தன்மையும் இதில் ஒருசேர நீங்கிவிடுகின்றன. தொடக்க இடத்தை மதியாத எந்த அளவும் நியாயமாகாது என்பதில் இன்று ஆய்வாளரிடையே பெரிய கருத்துவேறுபாடு இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆனாலும் இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. சராசரி என்பதே ஒரு வடிகட்டிய கூட்டம்: எதிரணியின் 40-ஆம் கோட்டருகே தன் பன்டரிடம் நம்பிக்கையுள்ள அணி உதைக்கும், நம்பிக்கையற்ற அணி வேறு உபாயம் தேடும். அங்கே உதைத்தவர்களின் சராசரி எல்லாப் பன்டர்களின் சராசரியன்று. இரண்டாவதாக, எதிர்பார்ப்பை விஞ்சிய மிச்சம் அனைத்தும் பன்டரின் பெயரிலேயே எழுதப்படுகிறது. காற்றும், துரத்துவோரும், பந்தைத் தவறவிட்ட எதிராளியும் அதில் கலந்தே இருக்கின்றனர்.

உதையைத் துணைவரிடமிருந்து பிரித்தல்

இந்தக் கலப்பைப் பிரிக்க விழைவோர் விளைவை விட்டு உதையையே நோக்கினர். பந்து எவ்வளவு நேரம் வானில் நின்றது, எந்தத் திசையில் சென்றது, எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு அருகே இறங்கியது என்பவை பன்டரின் காலுக்கு மட்டுமே உரியவை. 45 கெஜமும் நாலரை வினாடியும் சேர்ந்தால் நல்ல உதை என்பது பயிற்சியாளர்களிடையே வழங்கும் பழைய கணக்கு. தூரம் மிகுந்து நேரம் குறைந்தால், துரத்துவோர் வந்து சேருமுன் எதிராளி ஓடத் தொடங்கிவிடுவான். ரே கைக்குச் சார்பாகப் பேசியவர்களின் வாதத்தில் இந்த வானில் நிற்கும் நேரமே முதலிடம் பெற்றது. 1976-இல் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் அவர் உதைத்த பந்து கூரையிலிருந்து தொங்கிய திரையில் மோதியதும் அவ்வாதத்துக்குச் சான்றாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் இந்த நேரம் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறாததால், அவர் காலத்தவரோடு அவரை முறையாக ஒப்பிட வழியில்லாமற் போயிற்று.

வீரர்களின் தோளணியிலும், பின்னர் பந்திலும் பொருத்தப்பட்ட நுண்கருவிகள் இக்குறையைப் பெருமளவு நீக்கக்கூடும். என்.எஃப்.எல். நடத்தும் பிக் டேட்டா பவுல் என்னும் ஆய்வுப் போட்டி 2022-இல் உதைகளையும் அவற்றைத் துரத்தும் படைகளையுமே பொருளாக எடுத்து, 2018 முதல் 2020 வரையிலான பருவங்களின் அசைவுத் தரவுகளை ஆய்வாளரிடம் அளித்தது. எதிராளி பந்தைப் பிடித்த கணத்தில் அவனைச் சுற்றி யார் எவ்வளவு தொலைவில் இருந்தனர் என்பதைக் கொண்டு, அவன் ஓடக்கூடிய தூரத்தை முன்கூட்டியே மதிப்பிட முடியுமாயின், அந்த மதிப்பீடு வரை பன்டருக்கும் அதற்கு மேற்பட்டது துரத்துவோருக்கும் என்று பொறுப்பைப் பங்கிடலாம்.

இவ்வழியிலும் தடைகள் உண்டு. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்திலிருந்து வந்து 1995-இல் சான் டியேகோ அணியில் ஆடத் தொடங்கிய டேரன் பென்னட்டும், 2007-இல் மெல்போர்னில் நேதன் சாப்மன் நிறுவிய பயிற்சிப் பள்ளியின் மாணவர்களும் பரப்பிய உதைமுறையில், பந்து பின்சுழற்சியுடன் விழுந்து கோல் கோட்டுக்கு முன்பே நின்றுவிடும். அதன் பயன் விழுந்தபின் எப்படித் துள்ளுகிறது என்பதிலும் இருக்கிறது. விழுந்த இடத்தோடு கணக்கை முடித்தால் இவர்களுடைய வித்தை பாதி மறைந்துவிடும். துள்ளலையும் சேர்த்தால் அதிர்ஷ்டமும் உடன் நுழைந்துவிடும்.

தீர்மானம் எவருடையது

பன்டரின் மதிப்போடு அடிக்கடி குழப்பப்படும் மற்றொரு விவாதம், உதைக்கலாமா வேண்டாமா என்பது. பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம் முயற்சியில் அணிகள் தேவைக்கு மேல் உதைக்கின்றன என்று காட்டினார். கோழைத்தனமான பன்ட் தீர்மானங்களைத் தரவரிசைப்படுத்தப் பத்திரிகையாளர் ஜான் போயிஸ் 2019-இல் ஒரு சரணாகதிக் குறியீட்டையே வகுத்தார். இவையெல்லாம் பயிற்சியாளரைப் பற்றிய தீர்ப்புகள். உதைக்கும்படி ஏவப்பட்டவரின் திறமையைப் பற்றி இவை ஒன்றும் சொல்வதில்லை. எனினும் இவற்றின் விளைவு பன்டரின் எண்களைத் தொடாமல் விடவில்லை. களத்தின் நடுவே உதைப்பதை அணிகள் குறைத்துக்கொண்டால், எஞ்சும் உதைகள் பெரும்பாலும் எதிரே நீண்ட களம் திறந்திருக்கும் இடங்களிலிருந்தே எழும். மொத்தச் சராசரி தானாகவே உயரும். அண்மைக்காலச் சாதனைகளுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கூட்டுத்தொகைகளை நம்புவதன் ஆபத்தையும் இங்கேயே குறிப்பிடலாம். 2016-இல் ராம்ஸ் அணியின் ஜானி ஹெக்கர் 98 முறை உதைத்து, 51 தடவை எதிரணியை இருபதுக்குள் முடக்கி, ஒரே ஒரு டச்பேக்குடன், 46.0 கெஜ நிகரச் சராசரியும் கண்டார். அவர் அணியோ 12 ஆட்டங்களில் தோற்றது. 2023-இல் ஐயோவா பல்கலைக்கழகத்தின் டோரி டெய்லர் 4,479 கெஜம் உதைத்து, 1938 முதல் நின்ற கல்லூரிச் சாதனையை முறியடித்தார். அந்த அணியின் தாக்குதல் மிகப் பலவீனமானது என்பதே அத்தனை சந்தர்ப்பங்களை அவருக்கு அளித்தது. ஆனால் அதன் தற்காப்பு வலிமையானது என்பதால், அவர் முடக்கிய எதிரணிகள் முடங்கியே கிடந்தன. அணியும் 10 ஆட்டங்களில் வென்றது. ஒரே தரமான உதை ஓர் அணியில் வெற்றிக்கு வழியாகவும் மற்றோர் அணியில் தோல்வியைத் தள்ளிப்போடுவதாகவும் முடியும் என்பதால், திறமையும் பயனும் ஒன்றல்ல என்பது தெளிவு.

ஊதியமும் கௌரவமும்

ஊதிய விஷயத்தில் மூன்று நிலைப்பாடுகளைக் காணலாம். பன்டருக்குப் பெருந்தொகை தேவையில்லை என்பது முதலாவது. ஜாக்சன்வில் அணி 2012-இல் பிரையன் ஆங்கரை மூன்றாம் சுற்றில் 70-ஆவதாக எடுத்தது. ஐந்து இடம் தள்ளி சியாட்டில் எடுத்த ரசல் வில்சன் இரண்டாம் பருவத்திலேயே சாம்பியன் பட்டம் வென்று தந்தார். இது இக்கட்சியினர் ஓயாது காட்டும் உதாரணம். ஆனால் ஆங்கர் நெடுங்காலம் நன்றாகவே ஆடி, 2021-இல் புரோ பவுலுக்கும் தெரிவானார்; குறை அவர் காலில் இல்லை, அவருக்காகக் கைவிடப்பட்ட வாய்ப்பில்தான் இருந்தது. இரண்டாவது நிலைப்பாடு, சந்தை கொடுப்பதே நியாயம் என்பது. அந்தச் சந்தையின் விதிகளே மங்கலானவை: ஒரு வீரரை அணியிலேயே ஓராண்டு தக்கவைக்கும் ஃபிரான்சைஸ் டேக் முறையில் பன்டர்களும் கோலுக்கு உதைப்போரும் ஒரே வகுப்பாகவே கணிக்கப்படுகின்றனர், 2013-இல் இண்டியானாபோலிஸ் அணி பாட் மெக்காஃபியை அம்முறையில் நிறுத்திக்கொண்டபோது, அவர் விலையை நிர்ணயித்தது வேறொரு தொழிலும் சேர்ந்த சராசரியே.

மூன்றாவது, எதிர்பார்ப்பை விஞ்சிய அளவுக்கு ஊக்கத்தொகை கொடுக்கலாம் என்பது. இது நியாயமாகத் தோன்றினாலும், எதற்குப் பணமோ அதையே ஆட்டம் நாடும் என்பதை மறக்கலாகாது. மொத்தத் தூரத்துக்குப் பணம் என்றால், துரத்துவோருக்கு எட்டாத நீள உதைகள் பெருகும். இருபதுக்குள் முடக்கும் எண்ணிக்கைக்குப் பணம் என்றால், பன்டரின் வருமானம் அணியின் தாக்குதல் எங்கே முடங்குகிறது என்பதைச் சார்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணிக்கையின் சிறுமை ஒரு பெருந்தடை. ஓர் உதையின் நிகரத் தூரம் பன்டரின் உண்மையான சராசரியிலிருந்து ஏறத்தாழ பத்து கெஜம் முன்பின்னாக அசையும் என்று வைத்துக்கொண்டால், 64 உதைகள் கொண்ட பருவத்தின் சராசரியிலேயே ஒன்றேகால் கெஜம் தற்செயலாக ஏறி இறங்கும். பட்டியலில் அடுத்தடுத்து நிற்பவர்களுக்கிடையிலான இடைவெளி பெரும்பாலும் அதனினும் சிறிது. ஆகவே ஒரே பருவத்தை வைத்து ஆண்டின் சிறந்தவர் என்று பட்டம் கொடுப்பது அவ்வாண்டு நிகழ்ந்ததைக் கொண்டாடுவதாகலாம்; ஆற்றலை நிரூபிப்பதாகாது.

எஞ்சி நிற்பவை

இதுவரை கண்டவற்றிலிருந்து சில முடிவுகளைத் தயக்கமின்றிச் சொல்லலாம். மொத்தச் சராசரி தனியே நின்று எவரையும் தரப்படுத்தத் தகுதியற்றது. தொடக்க இடத்தை மதியாத எந்தக் கணக்கும் முழுமையாகாது. உதைக்கும் தீர்மானத்தின் பாவபுண்ணியம் பன்டரைச் சேராது. கௌரவம் திறமைக்கு உரியதாகையால், பல பருவங்களின் எதிர்பார்ப்பு மிச்சத்தையும் வானில் நிற்கும் நேரத்தையும் கருதி வழங்கப்படுவது பொருத்தம். ஊதியம் வருங்காலத்தை நோக்கியதாகையால், அம்மிச்சத்தில் ஆண்டுதோறும் நிலைத்து வரும் பகுதிக்கு மட்டும் விலை வைப்பது பொருத்தம்.

தீராதவையும் உண்டு. துரத்துவோருக்கும் பன்டருக்கும் பொறுப்பைப் பிரிக்கும் கணக்குகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. துள்ளலில் வித்தை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்பது அறுதியிடப்படவில்லை. கோலுக்கு உதைக்கும்போது பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்கும் வேலையைப் பெரும்பாலும் பன்டரே செய்தாலும், அதற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. நுண்கருவிகள் தோன்றுமுன் ஆடியவர்களுக்கு இப்புதிய நியாயத்தை வழங்க வழியும் புலப்படவில்லை. கைக்கும் லெக்லருக்கும் இடையே கேட்கப்பட்ட கேள்வி ஆகவே முடிவுறாது போகலாம். ஆனால் இனி ஆடப்போகிறவர்களைப் பொறுத்தவரை, திறமை, பயன், விலை என்னும் மூன்றையும் தனித்தனியே எழுதிவைக்கும் கணக்கு கைக்கெட்டிய தூரத்தில் இருக்கையில், ஒரே எண்ணைக் கொண்டு மூன்றுக்கும் தீர்ப்பளிக்கும் பழக்கத்தை நீட்டிப்பதற்கு வசதியைத் தவிர வேறு நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை.